தறிகள் நின்ற மதியம்

தொண்ணூறுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய், அம்மாக்களையே பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க வைக்கும் வேலை எனக்கு. முதல் நாள், நெசவாளர் தெருவில் நுழைந்ததுமே தறிச் சத்தம் என் குரலை விழுங்கிவிட்டது. இதற்கு நான் லாயக்கில்லை, நாளைக்கே நின்றுவிடலாம் என்று தோன்றியது.

முதல் வீட்டில் தறியில் இருந்த கஸ்தூரி புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள்.

"மூணாவதோட நின்னுட்டேம்மா. தப்பா படிச்சா சிரிக்கக் கூடாது."

தறியை நிறுத்தி, மகளை மடியில் இழுத்துக்கொண்டு, நிலாவைத் தேடிப் போன ஆமையின் கதையை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

பக்கத்து வீட்டுத் தறி நின்றது. பிறகு எதிர்வீட்டுத் தறி. ஒவ்வொன்றாக ஓய்ந்து, தெருவே தண்ணீருக்குள் இறங்கியதுபோல் ஆனது. ஆமை மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த தெருவிலிருந்து ஒருவர் பதறி ஓடிவந்தார். நெசவாளர் தெருக்களில் சாவு விழுந்தால்தான் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்கும்.

"யாரும்மா பூட்டாங்க?"

"யாரும் போவல மாமா. கதை படிச்சிக்கினு இருக்கேன்."

மூச்சு வாங்கியபடி எங்களையே பார்த்தார். பிறகு தோள் துண்டை உதறிப் படியில் விரித்து உட்கார்ந்தார்.

"ஆமை எதுவரைக்கும் வந்துக்குது?"

அந்த வேலையில் பல வருடம் இருந்தேன். ஒரு தெருவே கையை நிறுத்திக் கேட்ட குரல் என்னுடையது இல்லை. அதுதான் இன்றுவரை என் சந்தோஷம்.