பக்கத்து இருக்கைக்காரர்

"மெதுவா... மெதுவா... அவசரமே வேணாம்மா" என்றபடி மாஸ்டர் மேசைக்கடியில் வலது காலைத் தரையோடு அழுத்தினார். மாலை வகுப்பில் அவருக்குப் பக்கத்திலிருந்த நர்ஸம்மா அப்போது ஒற்றை விரலால், நிமிடத்துக்கு நான்கு எழுத்து வீதம், கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். இதற்குமேல் மெதுவாகப் போக வேண்டுமானால் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கை, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக், இதுதான் அவர் உலகம். கார் ஓட்டுவதைவிட, அடுத்தவர் ஓட்டுவதை நிறுத்துவதில் கைதேர்ந்தவர். வீட்டில் மனைவி கொஞ்சம் வேகமாகக் காய் நறுக்கினாலும் இவர் கால் தரையைத் தேடும்.

ஐம்பது வயதில் மாலை நேரக் கல்லூரியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள அவரைத் துரத்தியது மச்சான். பயிற்சிப் பள்ளி மச்சானுடையது. வண்டி மூன்று, ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களும் மூன்று பேர். புது வண்டி எப்போதும் மச்சானுக்கு. 'கிழவி' என்று பெயர் வாங்கிய வண்டி எப்போதும் மாஸ்டருக்கு. கிழவியின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது; கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திறக்க வேண்டும். மழை நாளில் முழங்கை வரை குளியல்.

"கிழவியோட சூட்சுமம் மாப்பிள்ளைக்குத்தானே தெரியும்" என்று மச்சான் தினமும் வாய் கூசாமல் சொல்வார். மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. புது வண்டிதான் கிடைக்காது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், வண்டியை நியாயமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி மாஸ்டர் வெடித்துவிட்டார். மச்சான் சிரித்துக்கொண்டே, "சரி, கம்ப்யூட்டர் வண்டியப் பிரிச்சுக் கொடுக்கட்டும். காலேஜ்ல சேந்து நீங்களே அதுக்குப் புரோகிராம் எழுதிப் பரீட்சைல பாஸ் பண்ணுங்க, நானும் கட்டுப்படறேன். ஃபெயிலானா ஆயுசுக்கும் கிழவிதான், பேச்சு மாறக் கூடாது" என்றார். அந்த ரோஷத்தில் மறுநாளே கல்லூரியில் பெயரைக் கொடுத்துவிட்டார்.

வகுப்பில் அவரைப் பார்த்து ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். மாஸ்டர் எழுதும் எந்த நிரலும் ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் திரையில் ஓர் அறிவிப்புப் போடும்: 'இப்போது கூட்டப் போகிறேன்', 'அடுத்து வகுக்கப் போகிறேன், கவனம்'.

"எதுக்கு சார் இவ்வளவு அறிவிப்பு? கேட்டது ரெண்டு எண்ணோட கூட்டல்."

"சிக்னல் போடாமத் திரும்பலாமா மேடம்? பின்னால வர்றவன் என்ன ஆவான்?"

ஒருமுறை நர்ஸம்மாவின் நிரல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அலற, மாஸ்டர் மட்டும் அசரவில்லை. "ஒண்ணும் பயப்படாதீங்க. ரவுண்டானாவுல ஏறிட்டோம், வெளிய போற வழி வைக்கல, அவ்வளவுதான்." சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆசிரியை மறுநாள் அதையே வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பரீட்சை தனித்தனியாக. அவரவர் தொழிலுக்கு உதவும் ஒரு நிரலைத் தாமே எழுத வேண்டும். கணினிக்கு நேர் எதிரே, தனியாக உட்கார்ந்ததும் மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் மணி நேரம் போனது. கண் முன்னே கிழவி வந்து நின்றாள். சட்டென்று எழுந்தார், பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கு மாறினார், அங்கிருந்தே உடம்பை வளைத்துக் கையை நீட்டித் தட்ட ஆரம்பித்தார்.

"சார், நேரா உக்காருங்க."

"இதுதான் மேடம் என் சீட்டு. அங்க உக்காந்தா எனக்கு ஓடல."

இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்று பேருக்கும் வண்டி பிரிக்கும் நிரல் ஓடிவிட்டது. தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு மதிப்பெண் கூடுதல். கல்லூரி வாசலிலேயே மனைவிக்குப் போன் போட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மதிப்பெண்ணைச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை, பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் எல்லாரும் பார்க்க மாஸ்டர் பொத்தானை அழுத்தினார். திரையில் மூன்று வரி வந்தது. மச்சானுக்குப் புது வண்டி. மாஸ்டருக்குக் கிழவி.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவ அழுத்துங்க மாப்பிள்ளை. நீங்க எழுதினதுதானே, யாரு கேக்கப் போறா?" என்றார்.

மாஸ்டரின் விரல் பொத்தான் வரை போனது. ஆசை இல்லாமலா? நெஞ்செல்லாம் ஆசைதான். திரையை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கணினியை அணைத்துவிட்டு, கிழவியின் சாவிக்காக மச்சானிடம் கையை நீட்டினார்.