பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

என் கொழுந்தனுக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. மோட்டார் ஓடவில்லையா, மாடு சினை பிடிக்கவில்லையா, முந்திரிக்கொட்டை மாதிரி அவர்தான் முன்னால் நிற்பார். திருச்சுழியில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் ஆயுத பூசை போட்டவரும் அவர்தான்.

பூசைக்கு மறுநாள் மற்ற கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்க, நான் மட்டும் திறந்தேன். நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து காத்திருந்தாள். அங்கன்வாடி வேலைக்கு விண்ணப்பிக்க அன்று சாயங்காலம்தான் கடைசி. அவளுடைய சான்றிதழ்களை முந்தின வாரமே ஸ்கேன் செய்து என் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன். அசல் எல்லாம் ஊரில் இருந்தது. அந்தப் பக்கம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டே பஸ்; போய் எடுத்து வர நேரம் பத்தாது.

சுவிட்சைப் போட்டேன். திரையில் கம்பெனி முத்திரை வந்தது, அப்படியே நின்றுவிட்டது. உள்ளே எதுவோ விடாமல் கீச்சிட்டது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதே கதைதான்.

எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, கொழுந்தன் வந்துவிட்டார்.

"வைரஸு மதினி. பார்மட் அடிச்சிருவம்."

"அடிச்சா இந்தப் பிள்ளையோட சர்டிபிகேட்டு?"

"போகத்தான் செய்யும். என்ன செய்யிறது?"

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. "இது கெடச்சா மில்லு வேலைக்குப் போக வேணாம்க்கா" என்றாள்.

"கீச்சு கீச்சுங்குதே, அது என்ன?" என்று கொழுந்தனிடம் கேட்டேன்.

"அது சும்மா, வெக்கைக்கு."

வெக்கைக்குக் கம்ப்யூட்டர் கீச்சிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆத்திரத்தில் கீபோர்டின் மேல் கிடந்த பூச்சரத்தை இழுத்துப் போட்டேன். நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். என்டர் கீ பெரியது என்பதால் அதற்கு இருப்பதிலேயே பெரிய பொட்டு. சந்தனம் இடுக்கில் இறங்கி, எங்கள் ஊர் வெயிலில் காரையாகக் காய்ந்துவிட்டது. அமுங்கிய கீ மேலே வரவில்லை. யாரோ ஓயாமல் அமுக்குகிறார்கள் என்று அந்த வாயில்லாப் பொருள்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

கீபோர்டு ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். கீச்சு நின்றது, கம்ப்யூட்டர் ஒழுங்காகத் திறந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துச் சந்தனத்தைச் சுரண்டிப் போட்டு, கீபோர்டைத் திரும்ப மாட்டினேன். சான்றிதழ்கள் பத்திரமாக இருந்தன. விண்ணப்பமும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

கொழுந்தன் கூசிப் போவார் என்று நினைத்தால் அது நம் தப்பு. "பாத்தீகளா மதினி, நேத்து போட்ட பூச வீண் போகல" என்றவர், சாமி படத்தடியில் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்.

ரசீதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அந்தக் கிண்ணத்த அங்கிட்டு வைங்க."