தட்டுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

சித்தப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்பது செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் எங்கள் தெருவுக்கே தெரியும். அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்பது சித்திக்கே தெரியாது. ராணுவத்துக்கு ஏதோ செய்து கொடுக்கிற ஆய்வுக்கூடம். "இன்னைக்கு ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று யாராவது கேட்டால், "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்பார். அப்பாவுக்கும் மத்திய சர்க்காரின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில்தான் உத்தியோகம். ஆபீசில் பழகிய வாய்ப்பூட்டை அண்ணன் தம்பி இருவரும் வீட்டுக்கு வந்தும் கழற்றுவதில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறோம் என்பதுகூட எங்களுக்கு டிக்கெட்டைப் பார்த்துத்தான் தெரியும்.

எங்களிடம் ஒரு பழைய ஃபியட் கார் இருந்தது. அப்பா அதை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கால் வலிக்கும், அவ்வளவு பிரேக். அம்மா நன்றாக ஓட்டுவாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது சைனிக்புரியில் இருந்த மாமா. அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் அப்பா ஆபீஸ் போனதும் அம்மா என்னையும் தம்பியையும் காரில் ஏற்றிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்கு அது எதிர்பாராத லீவு. மாமா வீட்டில் கொய்யா மரம் இருந்தது. சில நாள் கழித்து அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். எல்லோரும் அதே காரில் திரும்பினோம். வழி முழுக்க, மரத்தில் விட்டுவந்த கொய்யாப்பழம் அழுகிவிடுமே என்பதுதான் என் கவலை.

அதன் பிறகுதான் அப்பாவுக்குத் திருட்டுப் பயம் வந்தது. செகந்திராபாத்தில் இப்போதெல்லாம் கார்களைக் கடத்துகிறார்கள் என்று சாப்பிடும்போது சொன்னார். "இந்த ஓட்டை வண்டியவா?" என்று அம்மா சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா தம்பிக்குச் சட்டை எடுக்க பஸ் ஏறிப் போயிருந்த நேரம், சித்தப்பா ஒரு பை நிறைய ஒயரோடு வந்து சேர்ந்தார்.

நான் காரின் பின்சீட்டில் படுத்துக் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. சித்தப்பா கதவுத் தூண்களில் துளை போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் இருக்குமே, அதுபோலச் சின்னப் பொத்தான்களைப் பதித்தார். பானெட்டுக்கு அடியிலும் ஒன்று. எல்லா ஒயர்களும் சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் லாரி ஹாரன் ஒன்றுக்கு, ஒன்று டேஷ்போர்டில் வைத்த சிவப்பு விளக்குக்கு, இன்னொன்று எஞ்சினைப் பிடிக்கவைக்கிற இக்னிஷன் காயிலுக்கு. கதவு திறந்தால் சிவப்பு விளக்கு எரியும். கொஞ்ச நேரத்துக்குள் சுவிட்சைப் போடாவிட்டால் ஹாரன் அலறும், எஞ்சினும் உயிர் பெறாது. அந்த சுவிட்சை எங்கே ஒளிப்பது என்றுதான் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கும் தட்டு இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கத்தில் முடுக்கினார்கள்.

நிமிர்ந்த சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, நீ எப்பம் வந்த? என்னத்தப் பாத்த?"

"எல்லாத்தையும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா என்னைக் கீழே இறக்கி, தோளைப் பிடித்துக்கொண்டு, சாமி மேல் சத்தியம் வாங்கினார். "யாரு கேட்டாலும் சொல்லக்கூடாது, கேட்டியா? தம்பிட்ட நக்கோ, வேண்டாம். அம்மைட்டயும் நக்கோ. சொன்னா வண்டி போயிரும்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நான் வாயைத் திறந்தால் கார் போய்விடும். தூக்கத்தில் உளறுகிற பழக்கம் எனக்கு உண்டு என்று தம்பி சொல்லியிருந்ததால், வாய்மேல் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அம்மா தலைவாரிவிடக் கூப்பிட்டால் நானே வாரிக்கொள்கிறேன் என்று ஓடிவிடுவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காருக்கு ஏதோ அலாரம் வைத்திருப்பது மட்டும் அவளுக்குத் தெரியும். "ஸ்விட்ச் கிட்ச் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீ ஏன் அதப் போட்டு அலட்டிக்கிட்டு" என்று அப்பா சொல்லிவிட்டார், அவளும் விட்டுவிட்டாள். எங்காவது கிளம்பும்போது கேட்டைத் திறக்க அம்மாதான் இறங்குவாள். அவள் முதுகைத் திருப்பும் அந்த நேரத்தில் அப்பாவின் கை தட்டுக்குக் கீழே போய்வரும். பின்சீட்டில் நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன்.

அப்படியிருக்கையில் ஒரு மத்தியானம் தம்பிக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. அவனுக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் அன்றைக்கு மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. விலா எலும்பெல்லாம் உள்வாங்க, மீன் மாதிரி வாயைப் பிளந்தான். அம்மா தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். வெயிலில் ஒரு ஆட்டோ இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு, அவனை என் மடியில் போட்டு என்னை முன்சீட்டில் உட்காரவைத்தாள்.

கதவு திறந்ததுமே சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. சாவியைத் திருகினாள். கர் கர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள். ஹாரன் ஆரம்பித்தது.

அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தெரு கேட்டதில்லை. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் கையில் கிரிக்கெட் மட்டையோடு வந்து, "சோர் கிதர்? சோர் கிதர் ஜீ?" என்று திருடனைத் தேடிக் கத்தினார். திருடன் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்ததைக் கண்டு மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அம்மா இறங்கி பானெட்டைத் திறந்தாள், கைக்குக் கிடைத்த ஒயரையெல்லாம் அசைத்தாள், திரும்ப வந்து சாவியைத் திருகினாள். தம்பியின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. அவன் நகங்கள் என் கையில் பதிந்தன. சொன்னால் கார் போய்விடும், சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான். எனக்கு அழுகை வந்தது.

"அம்மா, தட்டுக்குப் பின்னால. கைய உள்ள விடு."

அவள் கை போயிற்று. டக் என்று ஒரு சத்தம். ஹாரன் நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது, உடனே கிளம்புவாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மா தட்டுக்கு அடியில் விட்ட கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?" என்றாள். நான் தலையாட்டினேன். "யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாங்க." அவள் முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பி ஒரு மூச்சுக்குத் திணறியதும் விழித்துக்கொண்டவள்போலச் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. தார்நாகா வழியாக அவள் அன்று ஓட்டிய வேகத்தை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

டாக்டர் ஊசி போட்டார். தம்பியின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. நாங்கள் திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அப்பா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார், முகம் வெளுத்து. கார் நிற்கும் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்திருப்பார். நாங்கள் இறங்குவதற்குள் ஓடிவந்து கேட்டார்:

"வண்டி எப்படிக் கெளம்பிச்சு?"

அம்மா தோளில் தூங்குகிற தம்பியோடு இறங்கினாள். "பிள்ளைக்கு இழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாரோம்" என்றாள். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

என் முறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அடி வாங்குவதானால் சீக்கிரம் வாங்கிவிடலாம் என்று, "நாந்தாம்ப்பா சொன்னேன்" என்றேன். அப்பா அடிக்கவில்லை. என் தலையில் கையை வைத்து, "நல்லவேள சொன்ன" என்றார். பிறகு திறந்திருந்த கார்க் கதவோரம் உட்கார்ந்துவிட்டார். தம்பிக்காகத்தான் இப்படி இடிந்துபோயிருக்கிறார் என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அடி விழாத சந்தோஷத்தில் உள்ளே போய் வயிறாரச் சாப்பிட்டேன். சத்தியத்தை மீறியும் கார் போகாமல் வாசலிலேயே நின்றது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் தெருவில் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, ஒரு கார்கூடத் திருட்டுப் போனதில்லை. எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்த சுவிட்ச் அங்கே இருந்தது. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய, கல்யாணமாகி நான் ஒரு வீட்டில் வாழப்போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது ஹாரன் நின்ற அந்த நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது.