ஏலாது

எங்கள் பக்கத்தில் ‘ஏலாது’ என்றால் முடியாது என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்றும் அர்த்தம். அக்கா அந்தச் சொல்லை முதல் அர்த்தத்தில் சொன்னாள். வீட்டில் இரண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு அருகே குடியிருந்தோம். அப்பா கண்டியில் ஓர் ஆபீசில் கிளாக்கர். பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அக்காவைப் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஏலாதுப்பா,” என்றாள், நிமிராமல்.

அம்மா ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டாள். “ஏன் புள்ள, காய்ச்சலா? போய்ப் படு.”

கொத்தமல்லிக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டு, பாதியில் கிடந்த அரிசியைத் தானே களைந்தாள். அக்கா குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாதா கோயிலில், பீடத்தின் முன்னால், வெள்ளைக்காரச் சாமியார் கேட்டார்: “உனக்குச் சம்மதமா?”

“ஏலாது சாமி.”

மயக்கம் வருகிறதென்று நினைத்து அவர் அவசரமாக ஒரு கதிரை கொண்டுவரச் சொன்னார். அக்காவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி கேட்டபோது அவள் தலையசைத்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பின்னால் இருந்த எனக்கு முக்காடு மட்டுமே தெரிந்தது. அது அசையவில்லை.

மலேரியா பரவிய வருஷம் பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, பிலிமத்தலாவையில ஒங்க மகளுக்கு ஏலாதாம். வரச் சொன்னாங்க.”

அவர் போனதும் அப்பா சொன்னார்: “அங்க இருக்க ஏலாதுன்னு சொல்லியிருப்பா. இப்ப நாம போய் நின்னா கூடவே கிளம்பிருவா. கொஞ்ச நாள் போகட்டும்.”

அம்மா ஞாயிறுவரை பொறுத்தாள். பிறகு அப்பாவிடம் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கடை பூட்டிக் கிடந்தது. அத்தான் வெளிப்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்களும் காய்ச்சலில் சிவந்திருந்தன.

“நேத்து அடக்கம் பண்ணிட்டோம் மாமி. மறுபடி சொல்லி அனுப்ப ஆள் கிடைக்கல. எல்லா வீட்டுலயும் படுத்திருக்காங்க.” போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஒங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா,” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அது எங்களுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அதற்குப் பிறகு, தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து எச்சில் கையோடு வாசலுக்குப் போவார். “யாரோ கூப்பிட்டாப்பல இருந்திச்சு,” என்பார். அவர் திரும்பி வந்து உட்காரும்வரை அம்மா சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பாள்.