பெயர் வாசிக்காத ஞாயிறு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க் கோயிலில், ஞாயிறுதோறும் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது போதகர் வேதநாயகம் ஃபிளோராவின் பெயரையும் சேர்த்து வாசிப்பார். பிள்ளையில்லாத மருமகளுக்காக மாமியார் ஞானம்மாள் சொல்லிச் சேர்த்த பெயர் அது.

தொண்ணூறுகளில் ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். ஃபிளோராவின் கணவன் கிளாட்சனும் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். தஞ்சாவூரில் அவளுக்குச் செய்யாத பரிசோதனை இல்லை, போடாத ஊசி இல்லை. "உங்ககிட்ட குறையில்ல. அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். லீவில் வரும்போதெல்லாம் கிளாட்சன் ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தான்.

ஃபிளோரா உள்ளுக்குள் ஒடுங்கிப்போனாள். மாதவிலக்குத் துணியை மாமியார் கண்ணில் படாமல் குளியலறைக்குள்ளேயே காயப்போட்டாள். யாராவது குழந்தையை நீட்டினால் வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுவாள். கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வங்கிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த சான்ட்ரா ஒருநாள் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அவளைப் பரிவோடு விசாரித்தாள். "ஜெபத்துல உங்க பேரு வருதே, உடம்புக்கு என்னங்க?"

"எனக்கு வியாதி ஒண்ணுமில்லீங்க" என்றாள் ஃபிளோரா. அதைத் தன் வாயால் சொல்லி அவள் கேட்டதே அன்றுதான். அப்படியே திரும்பிப் போதகரிடம் போனாள்.

"ஐயா, இனிமே என் பேரை வாசிக்க வேணாம்."

பக்கத்திலிருந்த ஞானம்மாள் திகைத்தாள். "ஜெபம் பண்றதுல என்னம்மா நஷ்டம்?"

"நான் நோயாளி இல்ல அத்தை. வாராவாரம் கேட்டுக் கேட்டு நானே அப்படி நம்பிட்டேன்."

போதகர் தலையைத் தடவிக்கொண்டார். "உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. வேற எதுக்கு ஜெபிக்கட்டும்?"

"மேட்டூர்ல தண்ணி திறக்கட்டும்னு ஜெபிங்க. குறுவை காயுது."

அந்த வாரம் கிளாட்சன் போன் செய்தபோது அவளே பேச்சை எடுத்தாள். "இந்தத் தடவை வந்ததும் டாக்டர்கிட்ட வர்றீங்க. இல்லாட்டி இனிமே நானும் ஊசி போட்டுக்கப் போறதில்ல."

லீவு கிடைப்பது கஷ்டம் என்று ஆரம்பித்தான் கிளாட்சன். பிறகு, "பயமா இருக்கு ஃபிளோரா" என்றான்.

"எனக்கும் இருந்துச்சு. சேர்ந்தே போவோம்."

போனார்கள். குறை அவனிடம் இருந்தது, வைத்தியம் பலிக்கவில்லை. தாயிடம் கிளாட்சனே அதைச் சொன்னான். ஞானம்மாள் மருமகளிடம் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் விசேஷம் உண்டா என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று அவளே முந்திக்கொண்டு பேச்சை முடித்தாள்.

ஃபிளோரா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தாள். இரண்டே வருஷத்தில் அதை நடத்தவும் செய்தாள். பக்கத்து வீட்டில் தாலாட்டுக் கேட்டால் சில நாள் இன்னும் நெஞ்சு கனக்கும். அன்று ஒளிந்துகொள்ளாமல் அழுவாள். கிளாட்சன் வீட்டிலிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவான்.