ஐந்துலக வகைப்பாடும் ஒரு மாடி வீடும்

ஒன்று உயிருள்ளதா என்று தெரிந்துகொள்ள ஏழு பண்புகளைப் பார்க்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான். உண்ணுதல், சுவாசித்தல், வளர்தல் என்று விரல் விட்டு எண்ணச் சொல்வேன். பள்ளிக்குப் பக்கத்தில், கணபதி பகுதியில் மாடி வீட்டை வாடகைக்கு விட இருந்த மனிதருக்கு மூன்றே கேள்விகள் போதுமாக இருந்தன.

நான் குடியிருக்கும் உக்கடத்திலிருந்து பள்ளிக்குத் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். முட்டி வலி வேறு. இந்த மாடியிலிருந்து நடந்தே போய்விடலாம். சமையலறையில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

"ஏனுங்க, சைவமுங்களா?"

"இல்லீங்க, அசைவந்தான்."

"பரவாயில்லீங்க, நாங்களும் கோழி திங்கறவங்கதான். சொந்த ஊரு எதுங்க?"

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி இருக்கும் எங்கள் கிராமத்தைச் சொன்னேன்.

"அட, நம்ம சொந்தக்காரங்க இருக்கற ஊரு! ஊருக்குள்ள ஊடுங்களா, வெளியிலீங்களா?"

சாதி என்ற சொல்லே வாயில் வராமல் சாதி கேட்கும் வித்தை இது. எங்கள் பக்கத்து மரியாதையில் குறையே சொல்ல முடியாது. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. "வெளியிலீங்க" என்றேன்.

உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். காபி வந்தது. அவருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். பூஞ்சையைத் தாவரத்திலிருந்து பிரிக்க விஞ்ஞானிகள் எத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! இவர் காபி ஆறுவதற்குள் பிரித்துவிட்டார்.

"சொல்லி அனுப்புறமுங்க" என்று கைகூப்பி, கேட் வரை வந்து வழியனுப்பினார். கசக்கிய கப்பை அவருடைய செம்பருத்தித் தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன். சொல்லி அனுப்பவே இல்லை.

அடுத்த கல்வியாண்டில், பெற்றோர் கூட்டத்தன்று, என் மேசை முன்னால் அதே மனிதர் வந்து நின்றார். அவர் மகள் என் வகுப்பாம். வகைப்பாட்டுப் பாடத்தில் ஃபெயில். அந்த வீட்டுப் பிள்ளை அந்தப் பாடத்திலா கோட்டை விட்டது என்று எனக்கு ஆச்சரியம்.

அவருக்கு முகம் வேர்த்துவிட்டது. பிறகு சிரித்தார். "டீச்சர், நீங்கதானுங்களா! மாடி மறுபடியும் காலியாத்தானுங்க இருக்குது. நீங்க வந்துட்டா அம்மணிக்கு டியூசனும் ஆச்சுங்க. எப்ப வாரீங்க?"

முட்டி, இரண்டு பஸ், அந்த அடுப்பு மூலை எல்லாம் ஒரு கணம் வந்து போயின. ஆசை இன்னும் விடவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. எழுந்து கைகூப்பினேன்.

"பிள்ளைக்கு இங்கயே சொல்லிக் குடுக்கறனுங்க. மாடிக்குச் சொல்லி அனுப்புறமுங்க."