மீன் வானுக்கு வாங்கிய பல்புகள்

எங்கள் வீட்டில் பல்பு என்று யாராவது வாயெடுத்தால் அன்றைக்குச் சண்டைதான். எழுபதுகளின் கடைசி அது. என் கணவரை இனி இவர் என்றே சொல்கிறேன். வாய்க்கு அதுதான் பழக்கம். இவர் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்து வளர்ந்த கடல்காரர். வள்ளத்தில் இருந்த பங்கை விற்றுவிட்டு ஒரு பழைய மோட்டார் வான் வாங்கினார். விடியப்புறம் கரையில் ஏலத்தில் எடுக்கும் மீனை அதில் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிச் சந்தைக்குப் போவோம். இவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருப்பேன். சந்தையில் நின்று விற்பது நான்தான். வாய் உள்ளவள் விற்கட்டும் என்பது இவருடைய கட்சி. அதில் பிழை சொல்ல எனக்கும் இடமில்லை.

வான் முந்தி மலைநாட்டில் ஓடியது. அங்கே பனிமூட்டம் அதிகம் என்பதால் பம்பரில், முன் விளக்குகளுக்குக் கீழே, இரண்டு சின்ன விளக்குகள் தனியாகப் பூட்டியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது இரண்டும் எரியவில்லை. “யாழ்ப்பாணத்திலை உதென்னத்துக்கு, பனங்காய் பொறுக்கவோ?” என்று சந்தையில் கேட்டுச் சிரிப்பார்கள். மார்கழியிலும் தையிலும் விடியப்புறம் செம்மணி வெளியால் போனவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் வெளியும் தண்ணீரும், நடுவில் றோட்டு. பனி இறங்கிவிட்டால் எது றோட்டு, எது தண்ணீர் என்று தெரியாது.

இவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பகலில் ஊசியில் நூல் கோப்பார். பொழுது பட்டதும் முற்றத்தில் கிடக்கிற வாளியில் இடறுவார். என் தங்கச்சி முன்னால் வந்து நின்றால் குரல் கேட்ட பிறகுதான் “ஆர், நீயோ?” என்பார். இவருடைய தமையனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. மாலைக்கண் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் இதற்கு மருந்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் அப்போதே தன் வீட்டுக்குள் சுவரைத் தடவித்தான் நடந்துகொண்டிருந்தார். இவர் அந்த வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

“இஞ்சாருங்கோ, ஒருக்கால் கண்ணைக் காட்டுவம்.”

“என்ரை கண்ணுக்கு ஒண்டுமில்லை. லைற்தான் மங்கல். பல்பை மாத்தினாச் சரி.”

பல்பை மாற்றுவார். நாலு நாளில் அதுவும் மங்கலாகிவிடும். பல்பு மங்கவில்லை என்று நான் சொன்னால் சட்டி பானை பறக்கும். வேறு யாரையாவது வைத்து ஓட்டுவோம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“கடலையும் விட்டாச்சு. வானையும் விட்டிட்டு நான் என்ன செய்யிறது? உன்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு சந்தைக்கு வாறதோ?”

வெளிச்சம் வந்த பிறகு புறப்படுவோம் என்றால் நாங்கள் போய்ச் சேரும்போது வாங்குகிற சனம் வாங்கிக்கொண்டு போய்விடும். விற்காத மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்ய? எனக்குப் பார்வை நல்லாய் இருந்தது, ஆனால் ஸ்ரியறிங்கைத் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் எந்தப் பெண் தொட்டாள்? ஆகவே ஒவ்வொரு விடியப்புறமும் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு முன் சீற்றில் ஏறி, சைக்கிள் வருகுது, மாடு நிக்குது, வளைவு வருகுது என்று ஏதோ ஊர்க்கதை கதைப்பது போலச் சொல்லிக்கொண்டே போவேன். இவரும் ஊர்க்கதை கேட்பது போலக் கேட்டுக்கொண்டே திருப்புவார்.

அந்த வருடம் மழை விட்டு, பனி தொடங்குவதற்கு முன்னால், “இந்தமுறை நல்ல பல்பாப் பாத்துப் போடுவம், நீயும் வா” என்று பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்த காலம். அதற்கு முந்தி ஒரு பல்பு போனால் எங்காவது கிடக்கிற பழைய காரில் கழற்றித்தான் போட வேண்டும். இப்போது மோட்டார் சாமான் கடைகளில் யப்பான் பல்புகள் பெட்டி பெட்டியாக இருந்தன. கடைக்காரர் இளம் ஆள். மேசையில் ஒரு பற்றறியை வைத்து, வயரைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எரித்துக் காட்டினார்.

“அண்ணை, உங்கடை வானுக்கு இது காணும். இதுக்கு மேலை போட்டா டைனமோ தாங்காது, வயரும் உருகும். பம்பரிலை உள்ளதுக்கு மஞ்சள் போடுங்கோ. பனிக்குள்ளை வெள்ளை போட்டா வெளிச்சம் திரும்பி உங்கடை முகத்திலைதான் அடிக்கும். மஞ்சளெண்டா கீழாலை பணிவாப் போய் றோட்டைக் காட்டும்.”

எனக்கு அந்த மஞ்சள் பிடித்துக்கொண்டது. “அதைத் தாங்கோ தம்பி” என்றேன்.

“பொறு” என்றார் இவர். கடையை விட்டு இறங்கினார். றோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடை வாசலில் போய் நின்றுகொண்டு, “ஒண்டொண்டாய் எரிச்சுக் காட்டும் பாப்பம்” என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு. “அண்ணை, பல்பைப் பாக்கிறேல்லை. வெளிச்சம் விழுகிற இடத்தையெல்லோ பாக்கிறது.”

“நாங்கள் விளக்கு வாங்கிறது இப்பிடித்தான்.”

அது பொய்யில்லை. எங்கள் கரையில் வள்ளத்துக்கு லாந்தர் வாங்கினால் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் கரை நீளத்துக்கு நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார். லாந்தர் வெளிச்சத்தில் கடலை யாரும் பார்த்ததில்லை. பெரிய வள்ளம் வந்தால் அதை ஓட்டுகிறவன் எங்களைக் கண்டு விலத்திப் போக வேண்டும், அதற்குத்தான் அந்த விளக்கு. “வானை வள்ளமெண்டு நினைச்சிட்டார், தம்பி” என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

இவர் திரும்பி வந்து, இருந்ததிலேயே பெரிய வெள்ளைப் பல்பைத் தொட்டுக் காட்டினார். மேலே முன் விளக்குகளுக்கும் அதே வெள்ளை, பம்பருக்கும் வெள்ளை. டைனமோ தாங்காது என்று கடைக்காரர் திரும்பவும் சொன்னார். விடிந்ததும் லைற்றை நூர்த்து அணைத்துவிடுவேன் என்றார் இவர். மஞ்சளுக்காக நான் மன்றாடினேன், பிறகு கோபித்தேன், பிறகு கடை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஒன்றும் எடுபடவில்லை. “மஞ்சள் தூரத்துக்குத் தெரியாது” என்ற ஒரு சொல்லோடு சரி.

ஞாயிறு பூசை முடிய, சுவாமியாரைக் கூட்டிவந்து வானுக்குத் தீர்த்தம் தெளிப்பித்தார். சுவாமி, அந்த மனுசன்ரை கண்ணிலை ரெண்டு துளி தெளியுங்கோ என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விளக்குகளில் விழுந்த தீர்த்தத்தை இவர் சாரத் தலைப்பால் துடைத்தார்.

பிறகு ஒரு நாள் பனி வந்தது. செம்மணி வெளிக்குள் வான் இறங்கியதும் இவர் எல்லா லைற்றையும் போட்டார். அம்மாடி, அது என்ன வெளிச்சம். ஈரப் பெட்சீற்றை முகத்துக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டது போல வெள்ளை. றோட்டு இல்லை, கரை இல்லை, தந்திக் கம்பம் இல்லை.

“பாத்தியோ” என்றார் இவர். “இப்ப எல்லாம் வடிவாத் தெரியுது.”

“என்ன தெரியுது உங்களுக்கு?”

“றோட்டுத்தான்.”

“எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

வானின் வேகம் குறையவில்லை.

“லைற்றை நூருங்கோ. மெள்ளப் போவம்.”

“நூத்தா எதிரிலை வாறவனுக்கு எங்களைத் தெரியாது.”

“வாறவனை விடுங்கோ. உங்களுக்குத் தெரியுதோ?”

“எனக்குத் தெரியாட்டிலும் பறவாயில்லை. அவைக்கு நான் தெரிய வேணும். தெரிஞ்சா விலத்துவினம்.”

மீன் விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். தேத்தண்ணிக் கடை வாசலில் போய் நின்று இந்த மனிதன் எதைப் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் கண்ணைப் பற்றி இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்னைவிட முந்தியே தெரிந்திருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த ஓடுகிற வானுக்குள் நான் என்ன செய்ய முடியும்?

இவர் போட்ட கணக்கு முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது. பனிக்குள் சைக்கிள் மணிகள் கேட்டன, ஓரத்துக்குப் போயின. ஒரு மாட்டு வண்டி முன்கூட்டியே இறங்கி நின்றது. இப்படியே சந்தைக்குப் போய்விடுவோம் என்று நானும் நினைக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது அந்த வெள்ளைக்குள் ஒரு ஆள் தெரிந்தார். சைக்கிளில் மரக்கறிச் சாக்கு, ஒரு கால் நிலத்தில், ஒரு கை கண்ணுக்கு மேல். நட்ட நடு றோட்டு. எங்களை வடிவாகக் கண்டிருக்கிறார். ஆனால் எங்கள் வெளிச்சம் கண்ணில் அடித்ததில் எந்தப் பக்கம் விலத்துவது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார். லாந்தர் யாருடைய கண்ணையும் இப்படிக் கெடுத்ததில்லை.

“நிப்பாட்டுங்கோ!”

நிப்பாட்டினார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வள்ளத்தின் முன்னால் நிற்கிறவன் கத்தினால் சுக்கான் பிடித்தவன் கேள்வி கேட்பதில்லை, அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. மீன் பெட்டிகள் சறுக்கி வந்து எங்கள் சீற்றில் மோதின. அந்த ஆளுடைய சைக்கிளின் முன் சில்லு எங்கள் பம்பரில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு இவருடைய பக்கக் கண்ணாடிக்கு வந்தார். இளம் பெடியன்.

“உமக்கென்ன கண் தெரியாதோ?”

றோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி. பஸ்காரனைக் கேட்பார்கள், மாட்டையும் கேட்பார்கள். நடு றோட்டிலை நிண்டது நீ, எங்களைக் கேக்கிறியோ என்று எனக்கு வாயில் பதில் தயார். நான் வாயைத் திறக்கும் முன் இவர் சொன்னார்.

“ஓம் தம்பி. தெரியாது.”

அந்தப் பெடியன் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டான். கேட்கக் கூடாத தூசணத்தில் ஏசினான், கதவில் ஓங்கி அடித்தான், சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனான்.

“இடப்பக்கம் எவ்வளவு இடம் கிடக்கு?” என்று இவர் என்னைக் கேட்டார். சொன்னேன். கேட்டுக் கேட்டு வானை ஓரத்தில் விட்டார். பிறகு லைற்றை நூர்த்தார்.

“விடியட்டும்” என்றார்.

பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது. சந்தை இந்நேரம் கூடியிருக்கும். இவருடைய இரண்டு கையும் இன்னும் ஸ்ரியறிங்கில்தான் இருந்தன. நாளைக்கு என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இவர் அதை என்னிடம்தான் திருப்பிக் கேட்பார்.